எவ்வளவு ஓரம்? சென்னை ரோட்டில் சைக்கிளை இறக்கப் போகிறவர்களுக்கு

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்கள்: "ஓரமாப் போ." பின்னால் வருகிற ஆட்டோக்காரரும் அதையேதான் சொல்வார், கொஞ்சம் வேறு மாதிரி. நானும் அதை நம்பி முதல் இரண்டு மாதம் ரோட்டின் கடைசி ஒரு முழத்திலேயே ஓட்டினேன். அந்த ஒரு முழத்தில் என்னென்ன கிடக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மணல், உடைந்த செங்கல், அறுந்து தொங்கும் கேபிள், நிறுத்தி வைத்த கார், அந்தக் காரின் திறக்கக் காத்திருக்கும் கதவு, மழைநீர் வடிகாலின் கம்பி மூடி. ஒரு நாள் காலையில் அப்படி ஒரு மூடியின் சந்தில் முன் சக்கரம் இறங்கியது, நான் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுந்தேன். முழங்கையில் நாலு தையல். பின்னால் பஸ் எதுவும் வரவில்லை என்பதால்தான் இதை உட்கார்ந்து எழுத முடிகிறது.

டூவீலர் லைசென்ஸுக்கு 8 போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். சைக்கிளுக்கு லைசென்ஸும் இல்லை, டெஸ்ட்டும் இல்லை, அதனால் சொல்லித் தருகிறவர்களும் இல்லை. நம்மில் பலர் கடைசியாக சைக்கிள் ஓட்டியது 11-ம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான். அதை வைத்துக்கொண்டு இன்று வேளச்சேரி மெயின் ரோட்டில் இறங்கினால் கை நடுங்கத்தான் செய்யும். எனவே படிப்படியாகப் போகலாம்.

முதலில் வண்டி

புது சைக்கிள் வேண்டும் என்றில்லை. மாடிப்படிக்குக் கீழே கிடப்பதை எடுத்துத் தெருமுனைக் கடையில் ஓவராயில் பண்ணி, வீலில் கோட்டம் எடுத்து வாங்கினால் போதும். கியரும் சஸ்பென்ஷனும் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, பிரேக் பிடிக்காவிட்டால்தான் ஆபத்து. பிரேக் லீவரை முழுக்க அழுத்திப் பாருங்கள். அது ஹேண்டில்பாரைத் தொட்டால் ஒயரை இழுத்துக் கட்டச் சொல்ல வேண்டும். பிரேக் கட்டையில் உள்ள கோடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. அப்படியே எந்தக் கை எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்றும் பாருங்கள். இங்கே பெரும்பாலும் வலது கைக்கு முன் பிரேக், ஆனால் ஒயர் மாற்றும்போது மாறிப்போன வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

எத்தனை பி.எஸ்.ஐ. காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். பெட்ரோல் பங்க்கில் காற்றடிப்பதானால் கவனம், அங்கே இருக்கும் வேகத்துக்குச் சைக்கிள் டியூப் கண் மூடித் திறப்பதற்குள் வெடித்துவிடும். வீட்டில் ஒரு கைப்பம்பு இருந்தால் நிம்மதி.

பின்னால் சிவப்பு லைட், முன்னால் வெள்ளை லைட். சக்கரத்திலும் பெடலிலும் வரும் ரிஃப்ளெக்டர்களை அழகு கெடுகிறது என்று கழற்றிப் போடுகிறவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெடலோடு சேர்ந்து மேலும் கீழுமாக ஆடும் மஞ்சள் ரிஃப்ளெக்டரைப் பார்த்த உடனே அது சைக்கிள் என்று கார்க்காரருக்குப் புரிந்துவிடும். வேறு எதுவும் ரோட்டில் அப்படி ஆடாது.

ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு. பின்னந்தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டால் விழும்போது நெற்றிதான் முதலில் தரையைப் பார்க்கும். தாடைக்குக் கீழே வார் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும்.

அப்புறம் இந்தப் பை விஷயம். காய்கறிப் பையோ டிபன் பையோ ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். திரும்பும்போது அது ஊஞ்சலாடிப் போய்ச் சக்கரக் கம்பிக்குள் நுழையும், முன் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். கேரியரில் கட்டுங்கள், அல்லது முதுகில் மாட்டுங்கள். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுங்கள், பேண்ட்டின் வலது கால் பக்கம் ஒரு ரப்பர் பேண்டு. செயின் அந்தப் பக்கம்தானே.

காலி இடத்தில் மூன்று பழக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு மைதானம், அல்லது வண்டி வராத உள்தெரு. மூன்று விஷயம் கைக்கு வரும்வரை மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம்.

ஒன்று, நேர்கோட்டில் போய்க்கொண்டே பின்னால் திரும்பிப் பார்ப்பது. சொல்வதற்குச் சுலபம், ஆனால் தலை வலது பக்கம் திரும்பினால் கையும் கூடவே திரும்பும், சைக்கிளும் ரோட்டின் நடுவுக்குப் போய்விடும். விபத்துகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. நண்பர் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, விரல் காட்டச் சொல்லி, எத்தனை விரல் என்று கோட்டைவிட்டு விலகாமல் சொல்லிப் பழகுங்கள். என் மகள் அரை மணி நேரத்தில் பழகிவிட்டாள், எனக்கு ஒரு வாரம் ஆனது. ஹேண்டில்பாரில் கண்ணாடி மாட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடியை மட்டும் நம்பித் திரும்ப முடியாது.

இரண்டு, ஒற்றைக் கையால் ஓட்டுவது. வலது பக்கம் போகப் போகிறேன் என்று வலது கையை நீட்டிக் காட்டவும், இடது பக்கத்துக்கு இடது கையை நீட்டவும், குறுக்கே வருகிறவரை உள்ளங்கை காட்டி நிறுத்தவும் இது வேண்டும். கடைசியில் சொன்னதை நம் ஊரில் ரோடு தாண்டுகிற ஒவ்வொரு பாட்டியும் செய்கிறார், வண்டிகளும் நிற்கின்றன.

மூன்று, அவசரமாக நிறுத்துவது. வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் டயர் தேய்ந்துகொண்டே போகும், வண்டி நிற்காது. முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. இரண்டையும் சேர்த்து, சீட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து, படிப்படியாக இறுக்குங்கள். மணல் மேல் போகும்போது பிரேக்கே வேண்டாம், அதைத் தாண்டின பிறகு பிடியுங்கள்.

எந்த வழி

காரில் போகும் வழியே சைக்கிளுக்கும் வழி என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. உதாரணத்துக்குத் திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூர். மேப் உங்களை எல்.பி. ரோட்டில் இழுத்துப் போகும். அந்த ரோட்டில் எத்தனை பஸ், எத்தனை யூ டர்ன்! அதற்குப் பதில் கலாக்ஷேத்ரா ரோடு, பெசன்ட் நகர், மரநிழலோடு போகும் பெசன்ட் அவென்யூ என்று உள்ளேயே போனால் அடையாறு ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். திரு.வி.க. பாலத்தைத் தவிர்க்க முடியாது, ஆறு குறுக்கே இருக்கிறதே. ஆக மொத்த வழியில் நெருக்கடி அந்தப் பாலமும் அதன் இரண்டு முனைகளும் மட்டும்தான், மீதியில் மூச்சு விடலாம். ஒவ்வொரு வழிக்கும் இப்படித்தான் பார்க்க வேண்டும்: தவிர்க்கவே முடியாத இடம் எது, அங்கே நான் என்ன செய்யப் போகிறேன்?

மேம்பாலத்தில் ஏற வேண்டாம், கீழேயே போங்கள். சைக்கிள் படம் போட்ட சிவப்பு வட்டப் பலகை இருந்தால் ஏறவே கூடாது. பலகை இல்லாவிட்டாலும் ஏற்றத்தில் நம் வேகம் விழும், பின்னால் வருகிறவர்களின் வேகம் விழாது, ஒதுங்கவும் இடமில்லை. கத்திப்பாரா மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்து வளைந்து வந்து சேரும் இடத்தைப் பழகும் வரை மறந்துவிடுங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு அவமானமும் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரும் நடந்து போகிறவர்தான்.

சரி, எவ்வளவு ஓரம்?

ரோட்டு விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே. கார்களின் இடது பக்க டயர் ஓடும் தடம் தெரியும் அல்லவா, ஏறக்குறைய அதுதான் உங்கள் இடம். நாள் முழுக்க டயர்கள் ஓடி ஓடி மணலையும் கண்ணாடித் தூளையும் தள்ளிவிட்டிருப்பதால் ரோட்டிலேயே சுத்தமான பகுதியும் அதுதான். அங்கே போனால் பள்ளம் வந்தால் விலக இடது பக்கம் இடம் இருக்கும். விளிம்பை ஒட்டிப் போனால் விலக ஒரே பக்கம்தான், வலது பக்கம், அதாவது பஸ்ஸுக்கு முன்னால்.

"அப்படி உள்ளே போனால் பின்னால் வருகிறவன் இடித்துவிட மாட்டானா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். ஓட்டிப் பார்த்தபின் தெரிந்தது இதுதான்: நீங்கள் விளிம்பில் ஒட்டியிருந்தால், பின்னால் வருகிற கார்க்காரர் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே போய்விடலாம் என்று கணக்குப் போடுவார், உங்கள் முழங்கையை உரசிக்கொண்டு போவார். ஒரு மீட்டர் உள்ளே இருந்தால் அந்தக் கணக்கு நடக்காது. ஒன்று அவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லை நன்றாக விலகிப் போக வேண்டும். எரிச்சலில் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதற்கு அந்த ஹாரன்தானே ரசீது.

நம் ஊர் ஹாரனுக்குப் பயப்படாமல் இருப்பதே ஒரு பயிற்சி. லாரியின் பின்னாலேயே "சவுண்ட் ஹாரன்" என்று எழுதி வைத்திருக்கும் ஊர் இது. நூற்றில் பாதி "நான் இருக்கேன்" என்ற தகவல்தான், திட்டு இல்லை. சத்தம் கேட்டதும் இடது பக்கம் துள்ளி ஒதுங்குவது ஹாரனைவிட ஆபத்து. நேராகவே போங்கள், திரும்பிப் பாருங்கள், இடம் இருந்தால் மெதுவாக வழி விடுங்கள்.

நிறுத்தி வைத்த கார்களைக் கடக்கும்போதும் குறைந்தது அதே ஒரு மீட்டர், கதவு முழுக்கத் திறந்தாலும் படாத தூரம். உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் லைட் அணைந்ததா, முன் சக்கரம் திரும்புகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். இரண்டு கார்களுக்கு நடுவே காலியாக இருக்கிறதே என்று உள்ளே நுழைந்து, மறுபடி வெளியே வந்து, இப்படி நெளிந்து போகாதீர்கள். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும்.

மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து ஒற்றை வண்டி போகிற அகலத்துக்குக் குறுகிப்போன ரோடுகள் இப்போது நிறைய. அங்கே ஓரம் என்பதே கிடையாது. திரும்பிப் பார்த்து, கை காட்டி, நடுவிலேயே போய்விடுங்கள், அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி எல்லோரையும் விடுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் இந்த வாதம் எதுவும் கிடையாது, நிறுத்தி இறங்கி வழி விட வேண்டியதுதான்.

பஸ், ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி

நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். அதனால் பஸ்ஸின் இடது முன் மூலைக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது, நாம் நுழைவதோ சரியாக அந்த இடத்தில். சிக்னலில் நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சந்து தெரியும், "வா வா" என்று கூப்பிடுகிற மாதிரி. போகாதீர்கள். பஸ் இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் உங்களைத் தெரியவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே நில்லுங்கள்.

நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸை இடது பக்கம் தாண்டவே கூடாது, ஆட்கள் இறங்குவது அங்கேதான். இங்கே பஸ் ஓரமாக வராமல் நடுரோட்டிலேயே நிற்பதால் அந்த ஆசை இன்னும் அதிகமாக வரும். பத்து விநாடி காத்திருங்கள், கிளம்பிவிடும்.

ஷேர் ஆட்டோவுக்கு இண்டிகேட்டரைவிட நம்பகமான அடையாளம் முன்னால் ரோட்டோரம் நிற்கும் ஆள்தான். யாராவது கை நீட்டினால் அந்த ஆட்டோ உங்கள் குறுக்கே வெட்டி நிற்கப் போகிறது என்று இப்போதே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். தண்ணி லாரிக்குப் பின்னால் போனால் ஈர ரோடு, பக்கத்தில் போனால் வேறு கதை. அது வருகிறது என்றால் நான் ஒதுங்கி நின்று, போன பிறகுதான் ஏறுவேன். எல்லா இடத்திலும் உரிமை பேச முடியாது.

வலது பக்கம் திரும்புவது

புதியவர்களுக்கு இதைவிடப் பயமான ஒன்று இல்லை. நாலு லேன் தாண்டி மீடியன் பக்கம் போய்க் கை காட்டித் திரும்ப வேண்டாம். நேராகவே சிக்னலைத் தாண்டுங்கள், எதிர்ப்பக்கத்து இடது மூலையில் நில்லுங்கள், சைக்கிளை வலது பக்கம் பார்க்கத் திருப்பி வையுங்கள், அந்தப் பக்கத்துக்குப் பச்சை விழுந்ததும் மற்றவர்களோடு நேராகப் போய்விடுங்கள். ஒரு சிக்னல் கூடுதலாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். உள்தெருக்களில் வேறு மாதிரி: திரும்ப வேண்டிய இடத்துக்கு நன்கு முன்னாலேயே பின்னால் பார்த்து, கை நீட்டி, வழி கிடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து திரும்பலாம். வழி கிடைக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் திரும்பி வாருங்கள்.

நேராகப் போக நிற்கிறீர்கள், பக்கத்தில் சிக்னலுக்குக் காத்திருக்காமல் இடது பக்கம் திரும்ப விடும் ஃப்ரீ லெஃப்ட் இருக்கிறது என்றால், அந்த வழியை அடைத்து நிற்காமல் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நில்லுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஒரு கூட்டமே கத்தும், அப்போது அவர்கள் பக்கம்தான் நியாயம்.

நம் பக்கத் தப்புகள்

சைக்கிள்காரர்கள் அப்பாவிகள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ராங் சைடில் வருவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. யூ டர்ன் தூரமாக இருக்கிறது, அதனால் நூறு மீட்டர்தானே என்று. நீங்கள் 15 கிலோமீட்டர் வேகம், பைக் 40. ஒரே திசையில் போனால் அவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் 25. எதிரெதிரே வந்தால் 55, யோசிக்கக்கூட நேரம் இருக்காது. நடைபாதையில் உருட்டிக்கொண்டு போகலாம், ஏறி ஓட்டக் கூடாது. ஏற்கனவே பைக்குகள் அங்கே ஏறுவதைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். ஜீப்ரா கோட்டுக்கு முன்னாலேயே நில்லுங்கள். சிவப்பு எல்லோருக்கும் சிவப்புதான், போலீஸ் நம்மைப் பிடிக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

ஸ்பீட் பிரேக்கரில் ஏறாமல் ஓரத்தில் விட்டிருக்கும் சின்ன இடைவெளியில் நுழைகிற பழக்கம் எனக்கும் இருந்தது. பின்னால் வருகிற பைக்கும் அதே இடைவெளியைத்தான் குறி வைத்திருக்கும் என்று ஒரு நாள் புரிந்தது. இப்போது பெடலில் எழுந்து நின்று, மெதுவாக மேலேயே ஏறி இறங்கிவிடுகிறேன்.

இயர்ஃபோன் வேண்டாம், ஒரு காதில் மட்டும் என்பதும் வேண்டாம். ஈ.சி.ஆரில் கூட்டமாகப் போகிறவர்கள் கதை பேசிக்கொண்டு மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் போகாமல் ஒருவர் பின் ஒருவராகப் போகலாம்.

மழை, இருட்டு, நாய்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனிப் பாடம். தண்ணீர் தேங்கி ரோடு தெரியவில்லையென்றால் ஓட்டாதீர்கள். மூடி திறந்த குழியா, தோண்டிய வடிகாலா, எதுவும் தெரியாது. துரைசாமி சுரங்கப்பாதை மாதிரி மழைக்கு நிரம்பும் இடங்கள் உங்கள் வழியில் இருந்தால் மாற்று வழியை இப்போதே பார்த்து வையுங்கள். ஈரத்தில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது, ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும், எனவே முன்கூட்டியே லேசாக அழுத்திக்கொண்டே போங்கள். வெள்ளைக் கோடு, இரும்புத் தகடு, எண்ணெய்ப் படலம் மூன்றிலும் திரும்பவும் கூடாது, பிரேக்கும் கூடாது. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் நேர்க் குறுக்காகக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதுதான் எல்லோரும் செய்வது, நாய்க்கும் அதுதான் பிடிக்கும். நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அதட்டிவிட்டு நடந்து போங்கள். பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

அடிபட்டால்

முதலில் ரோட்டை விட்டு விலகுங்கள், பிறகு 108. தலையில் அடி என்றால் "ஒன்றுமில்லை" என்று எழுந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும். இடித்த வண்டியின் நம்பரைப் போட்டோ எடுங்கள், போலீஸில் எழுதிக் கொடுங்கள். நமக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் இடித்த வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், அதிலிருந்து இழப்பீடு கேட்கச் சைக்கிளில் போனவருக்கும் உரிமை உண்டு. வழியில் வேறொருவர் விழுந்து கிடந்தால் தயங்காமல் உதவுங்கள், சாட்சிக்கு வந்தே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

முதல் நாள்

வேலைக்குப் போகும் வழியை ஒரு ஞாயிறு காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கம்பி மூடி எங்கே, பெயிண்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் எங்கே என்று மனதில் குறித்துக்கொண்டு. திங்கட்கிழமை வேண்டாம், ரோடு மோசமாக இருக்கும். செவ்வாயோ புதனோ, வழக்கத்தைவிட இருபது நிமிடம் முன்னால் கிளம்புங்கள், பையில் ஒரு மாற்றுச் சட்டையும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். ஆபீஸ் வாட்ச்மேனிடம் எங்கே நிறுத்தலாம் என்று முந்தின நாளே கேட்டுவிட்டால், சைக்கிளைப் பைக்குகளுக்கு நடுவே அவர் தள்ளிவிடாமல் கம்பியோடு சேர்த்துப் பூட்ட ஓர் இடம் காட்டுவார். அப்புறம் ஒன்று, போகும்போது வெயில் இருக்கும், திரும்பும்போது ஏழரை ஆகிவிடும். பின் லைட்டை முந்தின இரவே சார்ஜில் போடுங்கள்.